இனச்சுழற்சியின் இருநூறு வரிகள்

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும் எவருக்கும் 69 என்ற எண் தெரியும். 200 என்ற எண்ணைத் தெரிந்தவர்கள் குறைவு. அரசு அலுவலகங்களின் பணியமைப்புப் பிரிவில் உட்கார்ந்து கோப்பு எழுதியவர்களும், தேர்வாணையத்தின் பட்டியலில் தம் பெயர் ஏன் இல்லை என்று கணக்குப் பார்த்தவர்களும்தான் அதை நினைவில் வைத்திருப்பார்கள். அது இனச்சுழற்சியின் எண். ஒரு பதவிக்கு நேரடி நியமனம் செய்யும்போது முதல் இடம் எந்தப் பிரிவுக்கு, இரண்டாம் இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், இருநூறாவது இடத்தில் முடிந்து, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் பட்டியல் அது. சதவீதம் சட்டமன்றத்தில் முடிவாகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு துறையின் ஒரு பதவிக்கு இந்த ஆண்டு யார் வந்து சேர்வார் என்பதை இந்தப் பட்டியலும், அதையொட்டி அலுவலகத்தில் எழுதப்படும் பதிவேடும்தான் முடிவு செய்கின்றன. பணியில் இருந்த காலத்தில் அந்தப் பதிவேட்டை எழுதுவதும் சரிபார்ப்பதும் என் வேலைகளில் ஒன்றாக இருந்தன. அரசு வேலையில் சம வாய்ப்பு என்று நாம் சொல்வது அந்த வரிகளில் எப்படி நடக்கிறது, எங்கே நழுவுகிறது என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

சுழற்சி என்பது புதிய ஏற்பாடு அல்ல. நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வெளியிட்ட வகுப்புவாரி ஆணை, அரசு வேலையில் பார்ப்பனரல்லாதாரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்றது. அது பெரும்பாலும் காகிதத்தில் நின்றது. துறைத் தலைவர்கள் கூட்டவும் இல்லை, கூட்டாததற்காக யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. 1920களின் இறுதியில், அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியோடு சேர்த்துப் பேசப்படும் ஆணை நடைமுறைக்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. காரணம் எளியது. அந்த ஆணை 'கூட்டுங்கள்' என்று அறிவுரை சொல்லவில்லை. ஒவ்வொரு 12 பணியிடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று எண்ணிச் சொல்லிவிட்டது. எண்ணிச் சொன்னதை அதிகாரி தன் விருப்பத்துக்கு வளைக்க முடியாது. வளைத்தால் பதிவேட்டில் தெரிந்துவிடும். 1947இல் பன்னிரண்டு பதினான்கானது. பார்ப்பனரல்லாத இந்துக்களிலிருந்து பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு 2 இடங்கள் பெற்றார்கள், தாழ்த்தப்பட்டோரின் பங்கு இரண்டானது. இதற்கிடையே 1929இல் சென்னை மாகாணம் சட்டம் இயற்றித் தனக்கென ஒரு தேர்வாணையத்தை அமைத்துக்கொண்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. ஆளெடுக்கும் அமைப்பைத் துறைத் தலைவரின் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் யாருக்கு எத்தனை என்று எண்ணிவைத்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. ஒன்றில்லாமல் மற்றொன்று நின்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

1951ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் செண்பகம் துரைராசன் வழக்கை எல்லோரும் சொல்கிறார்கள். அது கல்லூரி இடங்களைப் பற்றிய வழக்கு. அந்தத் தீர்ப்பு வந்த அதே ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலைவாய்ப்பைப் பற்றிய இன்னொரு வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது, பி. வெங்கடரமணா என்பவர் தொடுத்தது. மாவட்ட முன்சீப் பதவிக்கு 83 காலியிடங்கள். அரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறித்தவர்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 10, பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 32, பார்ப்பனர்களுக்கு 11 என்று அரசு பங்கிட்டிருந்தது. நீதிமன்றம் அரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடம் ஒதுக்கியதை அரசமைப்பின் 16(4) பிரிவு அனுமதிக்கிறது என்று ஏற்றுக்கொண்டு, மற்ற வகுப்புகளுக்கு இடையே பங்கிட்டதை மட்டும் செல்லாதென்றது. வேலைவாய்ப்பில் இன்று நாம் நிற்கும் தரை இந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். எல்லா வகுப்புக்கும் அளந்து கொடுக்கும் முறை அன்றோடு முடிந்து, பின்தங்கியவர்களுக்கு ஒதுக்கி மீதியைப் பொதுவில் விடும் முறை தொடங்கியது. இந்த வேறுபாட்டை இன்றும் பலர் கவனிப்பதில்லை. பொதுப் பிரிவு என்றால் முற்பட்ட வகுப்பினருக்கான பங்கு என்று அரசு ஊழியர்களே பேசிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு பங்கு 1951இலேயே ஒழிந்துவிட்டது.

பிந்தைய வரலாறு பலமுறை எழுதப்பட்டதுதான். பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய்ந்த சட்டநாதன் ஆணையம், 1971இல் ஒதுக்கீடு உயர்ந்தது, எம்.ஜி.ஆர். 1980இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 31 சதவீதத்தை 50 ஆக்கியது, 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 பிரிந்தது, பழங்குடியினருக்கு 1 தனியானது, 69 சதவீதத்தைக் காக்க வந்த 1994இன் சட்டமும் அது அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டதும். அவை எல்லாம் கூடி இன்று பதிவேட்டில் எப்படி நிற்கின்றன என்றால், 200 இடங்களில் பொதுப் பிரிவு 62, முஸ்லிம் அல்லாத பிற்படுத்தப்பட்டோர் 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 40, ஆதிதிராவிடர் 30, அருந்ததியர் 6, பழங்குடியினர் 2. அந்த 62 இடங்களுக்கும் யார் வேண்டுமானாலும் மதிப்பெண் அடிப்படையில் வரலாம். பிற்படுத்தப்பட்ட ஒருவர் மதிப்பெண்ணால் பொதுவில் வந்தால் அவருடைய பிரிவின் சுற்று, அதாவது பட்டியலில் அந்தப் பிரிவுக்கென்று வரும் இடம், செலவாகாது. பதிவேட்டில் இதைச் சரியாக எழுதுவதுதான் நேர்மையின் முதல் சோதனை. பொதுவில் வர வேண்டியவரை அவர் பிரிவின் சுற்றில் எழுதிவிட்டால், அதே பிரிவில் அடுத்து நிற்கும் ஒருவருடைய வேலை சத்தமில்லாமல் போய்விடும். போனது யாருக்கென்று போனவருக்கே தெரியாது.

சுழற்சியில் எந்த இடம் எப்போது வரும் என்பது சதவீதத்தைவிடச் சில சமயம் முக்கியமாகிவிடும் என்பதற்கு 2007ஐ நினைவுபடுத்தலாம். அந்த ஆண்டு முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்குள் தலா 3.5 சதவீதம் தனியாக ஒதுக்கப்பட்டது. முஸ்லிம்கள் ஏற்றுக்கொண்டார்கள். கிறித்தவத் தலைவர்களோ தனி ஒதுக்கீட்டால் தங்கள் மக்களுக்கு முன்பு கிடைத்ததைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்று சொல்லி, அதைத் திரும்பப் பெறும்படி கேட்டார்கள். 2008இல் அரசும் திரும்பப் பெற்றது. தனக்கென்று கொடுத்த பங்கை ஒரு பிரிவு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த நிகழ்ச்சி இந்த நாட்டில் அடிக்கடி நடப்பதல்ல. மேடையில் கேட்கும்போது 3.5 ஒரு வெற்றி. நாலைந்து பேரை எடுக்கும் ஒரு நியமனத்தில், சுற்று வராத ஆண்டில், அதே 3.5 ஒரு சுவர்.

இந்தச் சுவர் மிக உயரமாக நிற்பது பழங்குடியினருக்கு. இருநூறில் இரண்டு என்றால் சராசரியாக நூறு நியமனத்துக்கு ஒன்று. இளநிலை உதவியாளர் போல ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் பதவியில் இது சிக்கலில்லை. ஒவ்வொரு தேர்விலும் அவர்களுக்கு இடம் இருக்கும். ஆனால் அரசில் சிறிய பதவிகள் ஏராளம். ஒரு துறையில் ஆண்டுக்கு மூன்று பேரை மட்டும் நேரடியாக எடுக்கும் தொழில்நுட்பப் பதவி ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வரிகளும் ஒரு சுற்றுச் சுற்றி முடிய 66 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பழங்குடி இளைஞர் ஒருவர் பட்டம் பெற்றுத் தகுதியோடு வந்து நிற்கும் ஆண்டில் அந்தச் சுற்று வர வேண்டும். இல்லையென்றால் அவருடைய வயது வரம்பு முடிந்த பிறகு அவர் பிள்ளையின் காலத்தில் வரும். மலைப்பகுதியிலிருந்து மகளின் விண்ணப்பம் தொடர்பாக வந்த ஒருவர் என் மேசை முன் நின்று, "எங்க டர்ன் எப்ப சார் வரும்?" என்று கேட்டார். பதிவேட்டில் அப்போது நின்ற எண்ணைப் பார்த்து மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அவரிடம் சொல்லக்கூடிய விடையாக அது இல்லை. பொதுப் பிரிவில் மதிப்பெண் பெற்று வரலாமே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அது சரி. ஒதுக்கீடே எதற்காக வந்தது என்பதை அவர்கள் ஒரு நிமிடம் மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

எதை ஓர் அலகாக எடுத்துக்கொண்டு சுழற்சியை ஓட்டுவது என்பது இதனால்தான் பெரிய கேள்வியாகிறது. மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்தில் இது வெளிப்படையாகவே வெடித்தது. முழுப் பல்கலைக்கழகத்தையும் ஓர் அலகாகக் கொள்ளாமல், ஒவ்வொரு துறையையும் தனித்தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2018இல் விதி மாற்றப்பட்டது. சதவீதத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆனாலும் துறை சிறியதென்பதால் ஒதுக்கீட்டுச் சுற்று வருவதற்குள் காலியிடங்கள் முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. போராட்டங்கள் நடந்தன. 2019இல் முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் வந்து பழைய அலகு திரும்பியது. துறையை அலகாக்கும் 13 புள்ளிப் பட்டியலா, பல்கலைக்கழகத்தை அலகாக்கும் 200 புள்ளிப் பட்டியலா என்று அன்று நாடே பேசியது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு துறையிலும் சத்தமில்லாமல் இதே கேள்வி இருக்கிறது என்பதை அப்போது யாரும் எழுப்பவில்லை. ஒரே கல்வித் தகுதி, ஒரே சம்பள நிலை, ஒரே வகையான வேலை உள்ள சிறு பதவிகளைத் துறைகள் கடந்து சேர்த்து ஒரே அலகாக்கினால் சுற்று வேகமாக நகரும். துறைத் தலைவர்களுக்கு இது பிடிக்காது. தம் பதவி தம் கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். பிடிக்காதது வேறு, முடியாதது வேறு.

அருந்ததியர் உள் ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை தமிழ்நாடு செய்தது துணிச்சலான காரியம். நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனத்தின் பரிந்துரைப்படி 2009இல் ஆதிதிராவிடருக்கான 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் அவர்களுக்கு முன்னுரிமையாகக் கொடுக்கப்பட்டது. தகுதியுள்ள அருந்ததியர் கிடைக்காவிட்டால் அந்த இடம் பிற ஆதிதிராவிடருக்குப் போகும்; மீதி உள்ள 15 சதவீதத்திலும் அருந்ததியர் போட்டியிடலாம். 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னபோது தமிழ்நாட்டின் சட்டமும் நிலைத்தது. சிறுபான்மையிலும் சிறுபான்மையாக இருப்பவர்களை ஒரு பெரிய பெயருக்குள் வைத்துவிட்டுப் பங்கு கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்வது எவ்வளவு பிழை என்பது பதிவேட்டைப் புரட்டியவர்களுக்கு எப்போதோ தெரியும். ஆதிதிராவிடர் என்று எழுதிய வரிகளில் எந்த ஊர்ப் பெயர்கள் வருகின்றன, எவை வருவதே இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

பெண்களுக்கான ஒதுக்கீடு வேறு வகை. 1989இல் 30 சதவீதம் கொடுக்கப்பட்டது. 2021இல் அதை 40 ஆக்குவதாக அரசு அறிவித்தது. இது ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குறுக்கே ஓடும் ஒதுக்கீடு. எப்படி ஓட வேண்டும் என்பதில்தான் வழக்கு. பொதுப் பிரிவில் பத்து இடம் என்றால், முதலில் ஏழு இடங்களை ஆண், பெண் பாராமல் மதிப்பெண்ணால் நிரப்பிவிட்டு, பிறகு மூன்றைப் பெண்களுக்கென்று தனியாக நிரப்புவது ஒரு வழி. ஏழில் மூவர் பெண்களாக இருந்தால் மொத்தம் ஆறு பெண்கள் வருவார்கள். முதல் பத்துப் பேரையும் மதிப்பெண்படி எடுத்து, அதில் மூன்று பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்களா என்று பார்த்து, குறைந்தால் மட்டும் சேர்ப்பது இன்னொரு வழி. இரண்டாவதே சரியென்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே ராஜஸ்தான் வழக்கொன்றில் சொல்லிவிட்டது. தமிழ்நாடு முதல் வழியிலேயே நெடுநாள் போய்க்கொண்டிருந்து, 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தால் இரண்டாவதற்குத் திருப்பப்பட்டது. இதைப் பெண்களுக்கு எதிரான தீர்ப்பு என்று எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை. பெண்கள் நன்றாகத் தேறும் எழுத்தர் பதவிகளில் ஒதுக்கீட்டின் உதவி அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. பொறியியல், வனம், காவல் போன்ற இடங்களில்தான் தேவைப்படுகிறது. அங்கே இரண்டாவது வழியும் அவர்களைக் கைவிடாது. எனக்குள்ள குறை வேறொன்று. எண்ணிக்கையைச் சரி செய்த அரசு, பெண் பொறியாளரைக் கழிப்பறை இல்லாத பணித்தளத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் மாறுதல் கேட்டால் 'இவர்களை எடுத்தால் இப்படித்தான்' என்று குறிப்பெழுதும் அலுவலரைக் கேள்வி கேட்பதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016இன் சட்டம் 4 சதவீதம் தந்திருக்கிறது. எந்தப் பதவி அவர்களுக்குப் பொருந்தும் என்று அடையாளம் காணும் வேலை துறையிடம் விடப்படுவதால், பொருந்தாது என்று எழுதித் தப்பிப்பது எளிதாக இருக்கிறது. திருநங்கையருக்கோ படிவத்தில் ஒரு கட்டம் கிடைப்பதற்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம் முதலில் தள்ளப்பட்டதும், 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதும், 2017இல் அவர் காவல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்ததும் நாளிதழ் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் வாசலைப் பற்றியது. உள்ளே வந்த பிறகு நடப்பதைப் பற்றி நம் ஊரில் பேச்சு குறைவு. தமிழ்நாட்டில் பதவி உயர்வில் பொதுவாக ஒதுக்கீடு கிடையாது. ஆனால் நீண்டகாலம், தேர்வாணையம் வழியாக வந்தவர்களின் பணிமூப்பு இனச்சுழற்சியில் அவர்கள் நின்ற எண்ணைக் கொண்டே முடிவானது. சுழற்சியின் முன்வரியில் வந்தவர், தேர்வில் தன்னைவிட அதிக மதிப்பெண் பெற்ற உடன்பணியாளருக்கு மேலே நிற்பார். அதனால் பதவி உயர்வும் முதலில் அவருக்கு. இதை எதிர்த்து வழக்குகள் நடந்தன. மதிப்பெண் வரிசைப்படியே மூப்பு என்று நீதிமன்றம் சொன்னது. 2016இல் அரசு, அரசு ஊழியர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு வழியாகப் பழைய முறையைக் காப்பாற்றப் பார்த்தது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவையும் செல்லாதென்றது. அதன் பிறகு பணிமூப்புப் பட்டியல்களைப் பின்னோக்கித் திருத்தி எழுதிய மாதங்களை எந்தப் பணியமைப்புப் பிரிவும் மறக்காது. பல ஆண்டு மேல் பதவியில் இருந்தவர் கீழே இறங்கினார்; ஓய்வு பெறும் நேரத்தில் சிலர் மேலே ஏறினார்கள். இரு தரப்பிலும் நியாயமான கோபம் இருந்தது. ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள்.

இதில் என் கருத்து என் பழைய நண்பர்கள் பலருக்குப் பிடிக்காது. மேல்நிலைப் பதவிகளில் ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் போதிய அளவில் இல்லை என்றால், அதைச் சரிசெய்ய அரசமைப்பில் 1995 முதலே 16(4அ) என்ற நேரான வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2006 நாகராஜ் தீர்ப்பு சொன்னபடி, ஒவ்வொரு பதவி நிலையிலும் யார் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, போதாமையை மெய்ப்பித்து, வெளிப்படையாக ஒதுக்கலாம். தமிழ்நாட்டு அரசுகள், கட்சி வேறுபாடு இல்லாமல், அந்தக் கணக்கை எடுக்காமல் பணிமூப்பு விதி என்ற பக்கவாசல் வழியாக அதே பயனைக் கொடுக்கப் பார்த்தன. பக்கவாசலை நீதிமன்றம் மூடியபோது கையில் கணக்கும் இல்லை, சட்டமும் இல்லை. இழந்தவர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட பிரிவுகளைச் சேர்ந்த ஊழியர்களே. அவர்களுக்காகக் கொடி பிடித்த கட்சிகள் பொதுக்கூட்டத்தில் 69ஐப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன.

கடைசியாக ஒன்று. அரசு தானே ஆளெடுக்கும் பணியிடத்தில்தான் இனச்சுழற்சி ஓடும். பணியிடமே இல்லையென்றால் பதிவேடு எதற்கு? தூய்மைப் பணி, ஓட்டுநர், கணினி இயக்குபவர், காவலாளி என்று ஒவ்வொன்றாக ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டன. அங்கே யாரை எடுப்பது என்பது ஒப்பந்தக்காரரின் விருப்பம். மேல்நிலைப் பணிகளுக்கான கணினிப் பிரிவுகளில் அவருடைய விருப்பம் ஒரு மாதிரியும், சாக்கடை அடைப்பு எடுக்கும் பணியில் இன்னொரு மாதிரியும் இருப்பதைப் பார்க்கக் கண் போதும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் நடந்த அந்தப் போராட்டத்தைக் கூலிப் பிரச்சினையாக மட்டும் ஊடகங்கள் காட்டின. அந்த வேலையில் ஏன் சில சாதியினரே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், அந்த வேலைக்கு இருநூறு வரிகள் எழுதப்பட்டிருந்தால் முதல் வரியில் நிற்க வேண்டிய பொதுப் பிரிவுக்காரர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

தேர்வாணையத்தின் அறிவிக்கையில் காலியிடங்களின் பங்கீடு வரும். அந்தப் பங்கீடு எப்படி வந்தது என்பதைக் காட்டும் பதிவேடு வராது. துறை எத்தனை பணியிடங்களைக் காலி என்று கணக்குக் காட்டியது, எத்தனையை நிதி இல்லை என்று நிறுத்தி வைத்தது, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கென்று ஒதுக்கி நிரப்பாமல் விட்ட குறைவுப் பணியிடங்கள் எத்தனை ஆண்டாகச் சேர்ந்து கிடக்கின்றன, எந்த வேலைகளை ஒப்பந்தத்துக்கு மாற்றியது என்பவை அலுவலகத்துக்குள்ளேயே இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுக்க வேண்டிய ஆவணங்கள் இவை. பெரும்பாலும் வேலை கிடைக்காத ஒருவர்தான் தன் ஒரு வழக்குக்காகக் கேட்கிறார். விடை வந்ததும் அது அந்த வழக்கோடு போய்விடுகிறது. சங்கங்களோ மாணவர் அமைப்புகளோ துறை துறையாக, பதவி பதவியாக இதைக் கேட்டு வாங்கி, பழங்குடியினரின் சுற்று கடைசியாக எந்த ஆண்டு வந்தது என்ற ஒரே ஒரு பத்தியை மட்டும் தொகுத்தாலும் போதும், அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் பேச வேறு ஓர் எண் கிடைக்கும்.